பிறந்தவுடன் அழாத பிள்ளை



அண்மையில் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு என்றால் மேல்மாடியில் ஓர் அறைதான். கணவன் செட்டியார் தெருவில் ஒரு நகைக் கடையில் வேலை செய்கிறார். மனைவி வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் நின்றவள். ஏழாம் மாதம் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டாள். இருவரும் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். தலைப்பிரசவம் என்பதால் மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக அம்மா மலைநாட்டிலிருந்து வந்திருந்தார்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே அம்மா சொன்னார்: "நேரத்தோட போயி வாட்டுல கெடந்து என்னாங்க செய்ய? வலி நல்லா எடுக்கட்டும்னு வீட்டுல இருந்துட்டு, அப்புறம் போனாப் போதும். நான் நாலு பெத்தவ மிஸ்."

மகள் ஒன்றும் பேசவில்லை. அம்மா கீழே தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துத்தான் என்னிடம் கேட்டாள்.

"மிஸ், எங்க மாமா வீட்டுத் தம்பிக்கு ஆறு வயசாகுது. இன்னும் கழுத்து நிக்கல. பொறந்தப்ப அழவே இல்லையாம். கிரகணத்தன்னைக்கு அத்தை வெளிய போனாங்க, அதான் இப்படின்னு பேசிக்கிறாங்க. நெசமா?"

கிரகணம் காரணம் அல்ல. செய்வினையும் அல்ல, தாய் செய்த பாவமும் அல்ல. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் காரணம் என்ன என்று கேட்பீர்கள். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அழுகை பெரிய விஷயமல்ல. அழுகைக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத்தான் விஷயம். பிறந்த பிள்ளை அழுதால் நுரையீரலுக்குள் காற்றுப் போய்விட்டது என்று அர்த்தம். அழாத பிள்ளைகள் எல்லாம் மூளை பாதித்த பிள்ளைகள் ஆகிவிடுவதில்லை. தாமதமாக அழுது, நன்றாக வளர்ந்து, இன்று கொழுந்து மலையில் கங்காணியாக நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூளைக்கு ஒக்சிசன் நீண்ட நேரம் குறைந்துபோன பிள்ளை, பிறந்ததும் துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சாது, முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். அந்தப் பிள்ளைகளில் சிலர் இறந்துபோகிறார்கள். சிலருக்குக் கைகால் இறுகி, நடை, பேச்சு, பார்வை என்று ஏதாவது ஒன்று பாதிக்கப்படுகிறது.

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. லண்டனில் வில்லியம் ஜோன் லிட்டில் என்ற வைத்தியர் 1862 ஆம் ஆண்டிலேயே, கஷ்டப்பட்ட பிரசவத்துக்கும் கைகால் இறுகிய பிள்ளைகளுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். பிறகு 1897 இல் சிக்மண்ட் பிராய்ட் (மனோவைத்தியத்தில் பெயர்பெற்ற அவரேதான்) மறுத்தார். கோளாறு கர்ப்பத்திலேயே தொடங்கியிருக்கலாம், அதனால்தான் பிரசவமும் கஷ்டமாகிறது என்றார். யார் சொன்னது சரி? இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. எது எவ்வளவு என்பது தாய் எங்கே வாழ்கிறாள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இதுதான் நமக்கு முக்கியமான இடம்.

மேற்கு அவுஸ்திரேலியாவில் இப்படிப் பாதிக்கப்பட்ட 164 குழந்தைகளை ஆராய்ந்து 1998 இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 69 சதவீதமானோருக்குப் பிரசவ நேரத்தில் எந்தக் கோளாறும் காணப்படவில்லை. கர்ப்ப காலத்துக் காரணங்கள் மட்டுமே இருந்தன. இரண்டு ஆண்டு கழித்து, 2000 இல், நேபாளத்தின் காத்மண்டு நகரப் பிரசவ வைத்தியசாலையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நம்மைப் போலவே மலைநாடு, நம்மைப் போலவே வறுமை. பாதிக்கப்பட்ட 131 குழந்தைகளையும், ஒப்பிட்டுப் பார்க்க 635 குழந்தைகளையும் எடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 60 சதவீதமானோருக்குப் பிரசவ நேரத்திலேயே கஷ்டம் நடந்த அடையாளம் இருந்தது. மற்றக் குழந்தைகளில் அது 6 சதவீதம்தான்.

அதாவது, வசதியுள்ள நாட்டில் பிரசவ நேரத்துக் கோளாறைப் பெரும்பாலும் தடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது மற்றக் காரணங்கள். வசதி குறைந்த இடத்தில் அந்தச் சில மணித்தியாலங்களில்தான் இன்னும் பிள்ளைகள் சேதப்படுகிறார்கள். இதைக் கேட்டு மனம் சோர வேண்டாம். தடுக்கக்கூடியது நம் பக்கத்தில்தான் அதிகம் இருக்கிறது என்றும் இதை வாசிக்கலாம்.

வலிக்கும் வலிக்கும் நடுவே

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை மூக்கால் மூச்சு விடுவதில்லை. தாயின் இரத்தம் நச்சுக்கொடிக்கு வந்து, அங்கிருந்து தொப்புள்கொடி வழியாக ஒக்சிசன் போகிறது. வலி எடுக்கும்போது கர்ப்பப்பை இறுகும். இறுகும் அந்த ஒரு நிமிட நேரத்தில் நச்சுக்கொடிக்கு வரும் இரத்தம் குறைந்துவிடும். வலி தணிந்ததும் மறுபடி நிறையும். கூடை நிறையக் கொழுந்தோடு மேட்டில் ஏறும் பெண் ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவாள், இல்லையா? பிள்ளையும் அப்படித்தான். வலிக்கும் வலிக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வில்தான் அது மூச்சு வாங்குகிறது.

வலி மணிக்கணக்கில் நீண்டுபோனால், அல்லது இடைவெளி இல்லாமல் வலிமேல் வலி வந்தால், அந்த ஓய்வு போய்விடும். பலமான பிள்ளை கொஞ்சம் தாங்கும். தாயின் இரத்தம் குறைந்து, நிறை குறைந்து வளர்ந்த பிள்ளை அவ்வளவு தாங்காது. நம் நாட்டில் நிறை குறைந்த பிள்ளைகள் அதிகம் பிறப்பது தோட்டப்புறத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஊசி போட்டுச் சீக்கிரமா எடுத்துருங்க" என்று தாதிமாரிடம் கெஞ்சும் உறவினர்களை நானே பார்த்திருக்கிறேன். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் வலியைக் கூட்டும் மருந்து அந்த இடைவெளியைச் சுருக்கிவிடக்கூடியது. காத்மண்டு ஆய்விலும் அந்த மருந்து கொடுத்து வலியைத் தொடங்க வைத்த பிரசவங்களில் ஆபத்துக் கூடியிருந்தது. அதை எப்போது கொடுப்பது, எத்தனை துளி கொடுப்பது என்று வைத்தியர்கள் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கேட்டுத்தான் தீர்மானிப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே எவராவது "வலி ஊசி" போட வந்தால் கதவைச் சாத்துங்கள்.

அட்டையில் சிவப்பு வட்டம்

பிள்ளை பெறப்போகும் அந்தப் பெண் தன் கிளினிக் அட்டையைக் காட்டினாள். உயரம் 143 சென்டிமீட்டர். அதைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார்கள். "குட்டையா இருக்கேன்னு எழுதிருக்காங்க மிஸ்" என்று சிரித்தாள். சிரிக்க வேண்டிய விஷயமல்ல அது. 145 சென்டிமீட்டருக்குக் குறைந்த தாய்மாருக்கு (அதாவது சுமார் 4 அடி 9 அங்குலம்) இடுப்பெலும்பு ஒடுங்கியிருக்கலாம், பிள்ளையின் தலை இறங்கத் தாமதமாகலாம். சிறுவயதில் சாப்பாடு போதாமல் வளர்ந்த பெண்களுக்கு உயரம் குறைவது சகஜம்; நம் பாட்டிமாரின் பசி இன்னும் நம் எலும்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட தாய் சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலையில் பிள்ளை பெற வேண்டும். அந்தச் சிவப்பு வட்டத்தின் அர்த்தம் அதுதான்.

காத்மண்டு ஆய்வும் இதையே சொல்லுகிறது. தாயின் உயரம் குறையக் குறைய, வயது கூடக் கூட ஆபத்துக் கூடியது. தலைப்பிள்ளை என்றால் இரு மடங்கு. கர்ப்ப காலத்தில் கிளினிக்குக்கே போகாத தாய் என்றாலும் இரு மடங்கு. தலை கீழே இல்லாமல் கால் அல்லது குண்டி கீழே இருந்தால் மூன்று மடங்குக்கு மேல். தண்ணிக்குடம் உடைந்து நெடுநேரம் போனால் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரட்டைப் பிள்ளை என்றால் இவை எல்லாவற்றையும் விட மிக அதிகம். தாயின் தைராய்ட் சுரப்பி மந்தமாக இருந்தாலும் ஆபத்துக் கூடியது. (உப்பு வாங்கும்போது அயடின் சேர்த்த உப்பா என்று பாருங்கள்.)

இவற்றில் உயரத்தையும் வயதையும் மாற்ற முடியாது. ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியும். கிளினிக் நாளில் ஒரு பேர் போய்விடும் என்று நினைக்கும் தாய்மார் உண்டு. அந்தக் கணக்கு எனக்கும் புரியாமல் இல்லை; ஒரு நாள் சம்பளம் சின்னக் காசு அல்ல. ஆனாலும் இரத்த அழுத்தம், சீனி, இரத்தசோகை, பிள்ளை கிடக்கும் நிலை, இவை யாரும் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். வயிற்றைத் தொட்டுப் பார்த்து மாமி சொல்ல முடியாது. பிரசவ விடுமுறை 84 நாள் சட்டப்படி உங்களுக்கு உரியது. முன்பு மூன்றாம் பிள்ளைக்குக் குறைத்தே கொடுத்தார்கள். 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள்தான். அதில் இரண்டு கிழமை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். "வலி வரும்வரை கூடை தூக்கினேன்" என்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

எங்கே என்பதல்ல, எப்போது என்பது

கொழும்பில் 1879 ஆம் ஆண்டிலேயே டி சொய்சா பிரசவ மனை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நம் பாட்டிமார் லயத்துக் காம்பராவில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பெற்றார்கள். இன்று தோட்டத்திலும் லயத்தில் பிள்ளை பெறுவது மிக அபூர்வம். 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் 150 கட்டிலோடு புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டதையும் பார்த்தோம். ஆகவே எங்கே பெறுவது என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எப்போது போய்ச் சேருவது என்பதுதான் மிச்சம். "வலி நல்லா எடுக்கட்டும்" என்று அந்த அம்மா சொன்ன சொல் எனக்குப் பயமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அவருக்கு நாலு பிள்ளையும் நல்லபடி பிறந்தது அவருடைய நல்ல காலம். மகளின் இடுப்பு வேறு, மகளின் பிள்ளை வேறு.

வலி ஒழுங்காக வரத் தொடங்கியதும் புறப்படுங்கள். சிவப்பு வட்டம் உள்ளவர்கள் கிளினிக்கில் சொன்ன திகதிக்கு வலி இல்லாமலேயே போய்ப் படுங்கள். தண்ணிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். அந்தத் தண்ணீர் பச்சையாக, கரும்பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். குளித்துவிட்டுப் போகலாம் என்றுகூட நிற்காதீர்கள். இரத்தம் போனால், கடும் தலையிடியோடு கண் மங்கினால், முகம் திடீரென்று வீங்கினால், காய்ச்சல் வந்தால் அதேபோலத்தான்.

பிள்ளையின் துடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் துடிப்பை எண்ணச் சொல்லித்தருவார்கள். மலையில் நிற்கும்போது எண்ண மறந்துபோகும், அது இயல்பு. இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுத்து கவனியுங்கள். வழக்கத்தை விடக் குறைந்திருந்தால் "நாளைக்குப் பாப்போம்" என்று தூங்காதீர்கள். பிரசவத்துக்குச் சிறிது இடம் வேண்டும் என்று பிள்ளை அடங்கிக் கிடக்கிறது என்பது பழைய பேச்சு. உண்மையில் பிள்ளை கடைசிவரை அசைய வேண்டும்.

வாகனம்? 1990 என்று அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு தீவு முழுவதற்கும் வந்தது. ஆனால் எல்லா லயத்து வாசலுக்கும் பாதை இல்லை. எந்த முடக்குவரை வண்டி வரும், அங்கிருந்து யார் தூக்கிவருவது, இரவில் போனில் "கவரேஜ்" எங்கே கிடைக்கும் என்பதை எட்டாம் மாதத்திலேயே வீட்டு ஆண்கள் நடந்து பார்த்து வைக்க வேண்டும். வழியெல்லாம் தாய் இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். மல்லாந்து படுத்தால் பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும்.

முதல் நிமிடமும் அதற்குப் பிறகும்

நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய 85 குழந்தைகள் தானாகவே மூச்சு விடும். இன்னும் 10 குழந்தைகள் துணியால் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்ததும் மூச்சு விடும். மூன்று முதல் ஐந்து குழந்தைகளுக்கு முகமூடி வைத்துப் பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். அதை முதல் நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். அந்தப் பையும் பழகிய கையும் வைத்தியசாலையில் இருக்கும். வழியில் வண்டிக்குள் பிறந்துவிட்டால், காய்ந்த துணியால் துடையுங்கள், முதுகைத் தேயுங்கள், துணியை மாற்றித் தாயின் நெஞ்சோடு ஒட்டி மூடுங்கள். தலைகீழாகத் தூக்கி அடிப்பது, பச்சைத் தண்ணீர் தெளிப்பது, வெங்காயத்தை மூக்கில் வைப்பது எல்லாம் போகிற நேரத்தையும் போக்கிவிடும்.

ஒக்சிசன் குறைந்து மூளை பாதித்த பிள்ளைக்கு மருந்து இல்லையா? வசதியுள்ள நாடுகளில் ஒரு சிகிச்சை செய்கிறார்கள். பிள்ளையின் உடல் வெப்பத்தை மூன்று நாள் 33, 34 பாகை அளவுக்குக் குறைத்து வைத்தால் மூளைச் சேதம் குறைகிறது என்று 2005 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. நம் பக்கத்திலும் அது உதவுமா என்று 2015 முதல் 2019 வரை இலங்கை, இந்தியா, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு வைத்தியசாலைகளில் 408 குழந்தைகளிடம் பார்த்தார்கள். நம் ராகமையும் அதில் ஓர் இடம். முடிவு 2021 இல் வந்தது. குளிரூட்டிய குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். குளிரூட்டாதவர்களில் 31 பேர். உயிர் பிழைத்தவர்களையும் சேர்த்துப் பார்த்தாலும் பலன் தெரியவில்லை. பல குழந்தைகளின் மூளைப் படத்தில் இருந்த காயம் திடீரென்று மூச்சடைத்தது போல இல்லை. பிறப்பதற்கு முன்பே, நெடுநேரம், சிறிது சிறிதாக ஒக்சிசன் குறைந்தது போல இருந்தது. பிறந்த பிறகு ஓடிப்போய்ப் பிடிக்க முடியாத அளவுக்கு அது முன்னாலேயே நடந்துவிடுகிறது.

இதை வாசித்துவிட்டு வீட்டில் பிள்ளையைக் குளிரவிடலாமா என்று எவரும் நினைக்க வேண்டாம்! மலைநாட்டுக் குளிர் பிறந்த பிள்ளைக்கு எதிரி. குளிர்ந்த பிள்ளை பால் குடிக்காது. பால் குடிக்காவிட்டால் இரத்தத்தில் சீனி விழும். சீனி விழுந்தாலும் மூளை கெடும். நிறை குறைந்த பிள்ளையைச் சட்டைக்குள் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக் கட்டிக்கொள்ளும் முறையைக் கொலம்பியா நாட்டில் 1978 இல் தொடங்கினார்கள், இன்குபேட்டர் போதாமல். அது ஏழை நாட்டு வைத்தியம் என்று ஒருகாலத்தில் சிரித்தவர்களும் இப்போது செய்கிறார்கள். தகப்பனும் கட்டிக்கொள்ளலாம். சீம்பாலைப் பீச்சிக் கொட்டாதீர்கள். பிறந்த முதல் மணித்தியாலத்திலேயே கொடுங்கள்.

மஞ்சள் காமாலை, செங்கண்மாரி என்று சொல்லுவோமே, அதுவும் கடுமையானால் மூளையில் படிந்து காதையும் கைகாலையும் கெடுத்துவிடும். லயத்துக் காம்பராவில் ஒரு கதவு, ஒரு சன்னல், அடுப்புப் புகை. தீட்டுக் கழியும்வரை பிள்ளையை இருட்டு மூலையில் வைத்திருந்தால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. தினமும் காலையில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், அல்லது உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கினால், பிள்ளை பாலுக்கு எழும்பாமல் தூங்கினால், காலை வெயிலை நம்பி இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்; அங்கே நீல வெளிச்ச விளக்கின் கீழ் வைப்பார்கள். மூத்த பிள்ளையின் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடாதீர்கள். பெட்டியில் போட்ட நப்தலின் உருண்டையின் வாடை சில பிள்ளைகளுக்கு இரத்தத்தை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். துவைத்து வெயிலில் காயவைத்துப் போடுங்கள்.

மாமா வீட்டுத் தம்பியைப் போன்ற பிள்ளை உங்கள் லயத்திலும் இருக்கலாம். அந்த மூளைக் காயத்தை ஆற்ற முடியாது. ஆனால் பிள்ளைக்குச் செய்ய நிறைய உண்டு. எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டினால் புரைக்கேறாது, இறுகிய காலை எப்படி நீட்டுவது என்பதை வைத்தியசாலையில் உடற்பயிற்சி சிகிச்சையாளர்கள் தாய்க்கே பழக்கித்தருவார்கள். சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவு ரயிலில் வரும் மலைநாட்டுத் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயிடம் "என்ன பாவம் செஞ்சியோ" என்று கேட்பதை விட, ஒரு நாள் அந்தப் பிள்ளையை நீங்கள் வைத்திருந்து அவளைத் தூங்கவிடலாம்.

கொட்டாஞ்சேனை அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரிங்க மிஸ், ராத்திரியில ஆகிப்போச்சுன்னா லொறிக்கு யாருகிட்ட சொல்றது?" என்றார். மருமகன் எழுந்து நாட்காட்டியின் பின்பக்கத்தில் 1990 என்று பெரிதாக எழுதி, தோட்டத்தின் பெயர், டிவிஷன், கோயில் முடக்கு, லய இலக்கம் என்று கீழே எழுதினார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் இலக்கத்தை மட்டும் நாலு தடவை சொல்லிக் கேட்டுக்கொண்டார். கிளினிக் அட்டையைப் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கச் சொன்னேன். தோட்டத்துக்குப் போன மறுநாளே குடும்ப நல உத்தியோகத்தரிடம் அதைக் காட்ட வேண்டும்.